பைன்ல புழு பழைய ஊசியை மட்டும் தின்னுட்டு புதுத் தளிரை விட்டுடுது, ஸ்ப்ரூஸ்ல அப்படியே நேர்மாறு. ஏன்?

மரநிழல் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். இவ்ளோ நாளா வாசிச்சிட்டு மட்டுமே இருந்தேன், கேள்வி போடுறது இதான் முதல் தடவை. என்கிட்ட ரெண்டு ஊசியிலை மரம் இருக்கு, ஒன்னு பைன், இன்னொன்னு ஸ்ப்ரூஸ், நானே கன்னா வச்சு வளத்தது, ரெண்டும் இப்ப என் உயரத்துக்கு வந்தாச்சு, பக்கத்து பக்கத்துலதான் நிக்குது. வசந்தம் ஆரம்பிச்சதுல இருந்து தினம் காலைல போய் ஒரு சுத்து பாத்துட்டு வருவேன்.

ரெண்டு வாரமா பைன்ல ஒரு கிளையில சாம்பல் கலந்த பச்சை நிறத்துல, பளபளன்னு கருப்புத் தலையோட, நாப்பது அம்பது புழு கும்பலா உக்காந்திருக்கு. போன வருஷத்து ஊசி எல்லாத்தையும் தின்னு தீத்துடுச்சு. ஆனா கிளை நுனியில மெழுகுவத்தி மாதிரி நிமிந்து நிக்குற புதுத் தளிரைத் தொடக்கூட இல்ல. கிளை மொட்டை, நுனியில மட்டும் பிரஷ் மாதிரி ஒரு கொத்து. ஸ்ப்ரூஸ்ல வேற ஒரு பழுப்பு நிறப் புழு, அது தனித்தனியா இருக்கு, அப்பதான் விரிஞ்ச தளிர் நாலஞ்சை நூலால சேத்துக் கட்டி உள்ள இருந்துகிட்டு தின்னுது, பக்கத்துலயே இருக்குற கரும்பச்சை பழைய ஊசியில ஒரு கடி கூட இல்ல.

கொழுந்துன்னா எல்லா பூச்சிக்கும் பிடிக்கும்னுதான் நான் இத்தனை நாள் நினைச்சிட்டு இருந்தேன். அப்ப பைன் புழு ஏன் அதை விடுது? இலை வளர வளர அதோட பாதுகாப்பு கூடுதா குறையுதா? இன்னொன்னு, பைன் புழு கும்பலை குச்சியால லேசா தொட்டேன், எல்லாம் ஒரே நேரத்துல தலையை வெடுக்குனு தூக்குச்சு, வாயில ஒரு சொட்டு பிசுபிசுன்னு தேங்கி நின்னுச்சு, விரல்ல ஒட்டினதை மோந்து பாத்தா சுத்தமா டர்பன்டைன் வாசனை. அது என்னன்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிசின்கை எழுதியது:

ரொம்ப நல்லா கவனிச்சிருக்கீங்க, கேள்விக்கான பதில்ல பாதி உங்க வர்ணனையிலயே இருக்கு. பைன்ல இருக்குறது சாஃப்ளை புழு, நீங்க சொல்ற நிறமும் கும்பலா இருக்குறதும் பாத்தா ஐரோப்பிய பைன் சாஃப்ளையாத்தான் இருக்கணும். பேர்ல ஃப்ளைன்னு இருந்தாலும் அது ஈ இல்ல, குளவி வகையறா. தாய்ப்பூச்சிக்கு முட்டையிடுற உறுப்பு ரம்பம் மாதிரி இருக்கும், அதால ஊசியைக் கீறி உள்ள முட்டையை வச்சிடும், குளிர்காலம் முழுக்க முட்டையாவே இருந்துட்டு வசந்தத்துல பொரியும். பொரியுற நேரத்துல மரத்துல முழுசா இருக்குறது போன வருஷத்து ஊசிதான், அதனால அதுல ஆரம்பிக்கும். சரி, புதுத் தளிர் வந்த பிறகாவது அங்க போகலாமே, ஏன் போகல? இங்கதான் ரெசின், அதாவது மரப்பிசின், வருது.

ஊசியைக் குறுக்கா பிளேடால சீவி லென்ஸ்ல பாத்தீங்கன்னா சின்ன சின்ன ஓட்டை தெரியும், அது ஊசி நீளத்துக்கும் ஓடுற ரெசின் குழாய். சுத்தி வரிசையா இருக்குற செல்கள்தான் பிசினைச் சுரந்து உள்ள தள்ளுது, அதுவும் அழுத்தத்தோட, அதனால எங்க கடிச்சாலும் உடனே வெளிய வரும். அந்தப் பிசின்ல ரெண்டு பங்கு இருக்கு. ஒன்னு ஆல்ஃபா பைனீன், லிமோனீன் மாதிரி காத்துல ஆவியாகுற எண்ணெய், நீங்க மோந்த டர்பன்டைன் வாசனை அதுதான். இன்னொன்னு கனமான ரெசின் அமிலங்கள், எண்ணெய் பறந்து போனதும் இது கெட்டியாகி வாயை ஒட்ட வச்சிடும், குடலுக்குள்ள போனா விஷம். ஊசிக்கு ஊசி, வயசுக்கு வயசு இந்தக் கலவை மாறும். ஜாக் பைன்னு ஒரு மரத்துல, சாஃப்ளை புழு இளம் ஊசியில வாய் வைக்காம பண்ணுற ஒரு ரெசின் அமிலத்தை 1977-ல பிரிச்சு எடுத்துக் காட்டியிருக்காங்க. அதனால உங்க புழு கண்ணுக்கு அந்தக் கொழுந்து ருசியா தெரியல, கசக்குற மருந்துக் கட்டியாத்தான் தெரியுது.

ஆனா பழைய ஊசியிலயும் ரெசின் இருக்கத்தான் செய்யுது, அதை எப்படி சாப்பிடுதுன்னு கேட்டா அதுக்குத்தான் அந்த வாய்ச் சொட்டு. இந்தப் புழுவுக்குத் தொண்டைக்கு அடுத்தாப்ல ரெண்டு பை இருக்கு. மெல்லும்போதே ரெசினைத் தனியா பிரிச்சு அந்தப் பைக்குள்ள தள்ளிடும், குடலுக்குப் போகவே விடாது. எறும்போ சிலந்தியோ கிட்ட வந்தா அதே ரெசினை வாய் வழியா கக்கி எதிரி மேல பூசிடும். தாமஸ் ஐஸ்னர்ங்கற பூச்சி ஆராய்ச்சியாளரும் அவர் கூட வேலை செஞ்சவங்களும் 1974-ல இதை விளக்கி எழுதினாங்க. மரம் தனக்குன்னு சுரந்து வச்ச பாதுகாப்பை புழு தன்னோட பாதுகாப்பா மாத்திக்கிச்சு, எனக்கு இத நினைக்கிறப்பெல்லாம் பிரமிப்பாத்தான் இருக்கும்.

இன்னொன்னு பாருங்க, குட்டிப் புழுவா இருந்தப்ப தின்ன ஊசிகள் முழுசா போயிருக்காது. ஓரத்து சதையை மட்டும் சுரண்டித் தின்னுட்டு நடு நரம்பை விட்டிருக்கும், அது காஞ்சு வைக்கோல் மாதிரி சுருண்டு தொங்கும். கொஞ்சம் வளந்து தாடை பலமான பிறகுதான் ஊசி முழுசையும் நுனியில இருந்து கடிச்சுகிட்டே வரும்.

கொழுந்து_பார்வை எழுதியது:

பிசின்கை அண்ணா சொன்னது பைன் பக்கம். ஸ்ப்ரூஸ் பக்கத்தை நான் சொல்றேன், ஏன்னா அங்க கதை கிட்டத்தட்ட தலைகீழ்.

மரநிழல், நீங்க பாத்த நூல் கட்டுற பழுப்புப் புழு மொட்டுப்புழு வகையா இருக்கலாம், படம் இல்லாம எந்த இனம்னு உறுதியா சொல்ல முடியாது. இந்த வகையில ரொம்ப ஆராய்ஞ்சது வட அமெரிக்காவோட ஸ்ப்ரூஸ் பட்வார்ம்தான், அங்க 1970கள்ல ஆரம்பிச்ச பெருக்கத்துல 5 கோடி ஹெக்டேருக்கு மேல காடு அடி வாங்குச்சு. அந்தப் புழு ரெண்டாம் பருவத்துல, அதாவது ஒரு தடவை தோல் உரிச்ச பிறகு, ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் அளவுல இருக்கும்போதே சின்ன பட்டுக்கூட்டுக்குள்ள குளிர்காலத்தைக் கழிச்சிட்டு வசந்தத்துல வெளிய வருது. அப்ப மொட்டு விரிஞ்சிருந்தா பிழைச்சுக்கும். விரியலன்னா பழைய ஊசிக்குள்ள துளை போட்டு உள்ள புகுந்து நாளைக் கடத்தும், ஆனா அதுல வளர முடியாது, காத்திருக்கத்தான் முடியும்.

ஏன்னா முத்தின ஊசிங்கறது ஒரு சின்னப் புழுவுக்கு மரக்கட்டை மாதிரி. மேல மெழுகு, அதுக்குக் கீழ தடிச்ச தோல், அதுக்கும் கீழ லிக்னின் ஏறி கெட்டியான ஒரு அடுக்கு, இவ்ளோ தாண்டினாத்தான் பச்சை சதை. தாண்டிப் போனாலும் பெருசா ஒன்னும் கிடைக்காது, உலர்ந்த எடையில நைட்ரஜன் 1-ல இருந்து 1.5 சதவீதம்தான் இருக்கும், தண்ணியும் கம்மி. புழு உடம்பு கட்டுறதுக்கு புரதம் வேணும், புரதத்துக்கு நைட்ரஜன் வேணும். அப்பதான் விரிஞ்ச தளிர்ல இது ரெண்டும் ரொம்ப அதிகம், தோலும் மெத்துனு இருக்கும். அதனால அந்தப் புழுவுக்கு வாழ்க்கையே மொட்டு விரியுறதுல இருந்து தளிர் முத்துற வரைக்கும் இருக்குற சில வாரம்தான், முன்னாடி வந்தா பட்டினி, பின்னாடி வந்தா கடிக்க முடியாது.

இது தெரிஞ்சப்புறம்தான் எனக்கு ஒன்னு புரிஞ்சது, மரம் எந்த தேதியில மொட்டு விரிக்குதுங்கறதே ஒரு பாதுகாப்பு. கருப்பு ஸ்ப்ரூஸ் மரம், பால்சம் ஃபிர்ங்கற இன்னொரு ஊசியிலை மரத்தை விட சுமார் ரெண்டு வாரம் தாமதமா விரியும், ஒரே காட்டுல பக்கத்து பக்கத்துல நின்னாலும் ஃபிர் மொட்டையாகும், கருப்பு ஸ்ப்ரூஸ் பெரும்பாலும் தப்பிச்சிடும். விஷத்துல பெருசா வித்தியாசம் வேணும்னு கூட இல்ல, நாள் கணக்குதான்.

வெள்ளை ஸ்ப்ரூஸ்ல இன்னும் அழகான ஒரு விஷயம் இருக்கு. எல்லா மரமும் மொட்டையான இடத்துல சில மரம் மட்டும் பச்சையா நின்னதைப் பாத்து ஆராய்ஞ்சிருக்காங்க. பிசியால், பஞ்சினால்னு ரெண்டு பொருள், அது ஊசியில இருந்தா புழு நிறைய சாகுது, பிழைச்சதும் மெதுவா வளருது. வேடிக்கை என்னன்னா அடி வாங்கின மரத்துலயும் மூலப்பொருள் இருக்கு, ஆனா சர்க்கரையோட கட்டிப்போட்ட வடிவத்துல இருக்கு, அந்த வடிவம் புழுவை ஒன்னும் பண்ணாது. தப்பிச்ச மரத்துல சர்க்கரையை வெட்டி விடுற ஒரு என்சைமோட ஜீன் ரொம்ப தீவிரமா வேலை செய்யுது, 1000 மடங்கு வரைக்கும் வித்தியாசம் பாத்திருக்காங்க, 2015-ல வந்த ஆராய்ச்சி. அதாவது பொருள் எல்லார் வீட்டுலயும் இருக்கு, உறையில இருந்து உருவ சிலருக்குத்தான் தெரியுது.

மரநிழல் எழுதியது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விரிவா பதில் வரும்னு எதிர்பாக்கல. அப்ப நான் கேட்ட கேள்வியே தப்பு மாதிரி தோணுது, கூடுதா குறையுதான்னு ஒரே கோட்டுல கேட்டுட்டேன், நீங்க சொல்றதைப் பாத்தா இளசுல ஒரு மாதிரி, முத்தினா வேற மாதிரின்னு ஆள் மாறி ஆள் காவல் நிக்குற மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு கேள்வி. ஒரே ஊசிக்குள்ளயே இந்த வித்தியாசம் இருக்குமா, நுனி ஒரு மாதிரி அடி ஒரு மாதிரி? அப்புறம், புழுவுக்கு பிடி மருந்து, அதான் அந்த பாக்டீரியாவுல செஞ்ச பொடி, ஒருத்தர் அடிக்கச் சொன்னாரு, அடிக்கலாமா?

பிசின்கை எழுதியது:

ரெண்டாவது கேள்வி அவசரம், அதை முதல்ல சொல்றேன். கடையில சாதாரணமா கிடைக்குற பிடி, அதாவது குர்ஸ்டாகி வகை, அந்துப்பூச்சி வண்ணத்துப்பூச்சியோட புழுவுக்குத்தான் வேலை செய்யும். சாஃப்ளை குளவி இனம், அதுக்கு வேலை செய்யாது, அடிச்சா பணமும் நேரமும்தான் போகும். சந்தேகம் இருந்தா காலை எண்ணுங்க. முன்பக்கம் மூணு ஜோடி நிஜக் கால் எல்லாத்துக்கும் இருக்கும், அதுக்குப் பின்னாடி கொழுகொழுன்னு இருக்குற போலிக் கால் அந்துப்பூச்சிப் புழுவுல அதிகபட்சம் அஞ்சு ஜோடி, சாஃப்ளையில ஆறோ அதுக்கு மேலயோ. உங்க மரம் தலை உயரம்தானே, கும்பலா இருக்குறது உங்களுக்கு வசதி, அந்தக் கிளைக்குக் கீழ சோப்புத் தண்ணி வாளியைப் பிடிச்சு தட்டி விட்டா முடிஞ்சுது. அதுவும் பண்ணலன்னாலும் மரம் பெரும்பாலும் சாகாது, காரணம் நீங்களே எழுதினதுதான், நுனியில இந்த வருஷத்து ஊசி பத்திரமா இருக்கு.

முதல் கேள்வி எனக்கு ரொம்ப பிடிச்சது. ஆமா, இருக்கும். பைன் ஊசி அடியில இருந்துதான் வளருது, அதாவது நுனிதான் முதல்ல பிறந்தது, அடிதான் கடைசி. புதுசா நீளுற கொத்து ஒன்னை மெதுவா உருவிப் பாருங்க, அடியில காகிதம் மாதிரி ஒரு உறை சுத்தியிருக்கும், அதுக்குள்ள இருக்குற பகுதி வெளுத்து மெத்துனு இருக்கும், நகத்தால அழுத்தினாலே நசுங்கும். நுனியோ அதுக்குள்ள குத்துற அளவுக்கு கெட்டியாகியிருக்கும். அந்த உறைதான் இன்னும் கெட்டியாகாத இடத்துக்குப் போர்வை. ஆனா அதையும் கண்டுபிடிச்ச பூச்சி இருக்கு, ஜப்பான்லயும் கொரியாவுலயும் பைனைத் தாக்குற ஊசிக் கரணை ஈயோட புழு சரியா அந்த உறைக்குள்ள, ஊசியோட அடியில போய் உக்காந்துக்கும். அந்த இடம் வீங்கிப் போய் ஊசி வளர்றதே நின்னு கட்டையா போயிடும்.

சாறு உறிஞ்சுற பூச்சிக்கும் வயசுக் கணக்கு உண்டு. பச்சை ஸ்ப்ரூஸ் அசுவினி பழைய ஊசியில சாறு குடிச்சு அதை மஞ்சளாக்கி உதிர்த்துடும், புதுசா வந்த ஊசி பக்கம் ஆரம்பத்துல போகவே போகாது. மரம் அரை மொட்டையா நின்னாலும் வளர்ச்சிதான் குறையுது, சாவு அபூர்வம்.

இலைநரம்பு எழுதியது:

எல்லாரும் இருக்குற பாதுகாப்பைப் பத்தியே பேசுறீங்க, அடி பட்ட பிறகு மரம் என்ன பண்ணுதுங்கறதையும் சேத்துக்கணும், ஏன்னா ஊசி ஒன்னும் ஒரே மாதிரி நிக்குற பொருள் இல்ல. ஸ்காட்ஸ் பைன்ல சாதாரண பைன் சாஃப்ளை ஊசியைக் கீறி முட்டை வச்சதும், புழு பொரியுறதுக்கு முன்னாடியே மரம் தன்னோட வாசனையை மாத்துது. சுமார் 3 நாள்ல அந்தக் கிளை விடுற வாசனையில ஃபார்னசீன்னு ஒரு பொருள் கூடுது, முட்டை வைக்காத பக்கத்து ஊசிகள்ல இருந்தும் வருது. அந்த வாசனைக்கு ஒரு குட்டிக் குளவி தேடி வருது, அது சாஃப்ளை முட்டைக்குள்ளயே தன் முட்டையை வைக்குற ஒட்டுண்ணி. கடி விழுறதுக்கு முன்னாடியே ஆள் அனுப்புற மாதிரி. மோனிகா ஹில்கர் குழு 2002 வாக்குல இதை வெளியிட்டப்ப நான் திரும்பத் திரும்ப வாசிச்சேன், ஒரு ஊசியில கீறல் விழுந்தது மரம் முழுக்க எப்படி தெரிஞ்சதுன்னு யோசிச்சு யோசிச்சு தூக்கம் வரல.

வருஷம் தாண்டியும் ஞாபகம் இருக்கு. லார்ச் மரம் இலையுதிர் ஊசியிலை, வருஷா வருஷம் எல்லாத்தையும் கொட்டிட்டு புதுசா விடும், அதனால அதுக்கு பழைய ஊசின்னு ஒரு சேமிப்பே கிடையாது. ஆல்ப்ஸ் மலையில லார்ச் மொட்டு அந்து 8-ல இருந்து 10 வருஷத்துக்கு ஒரு தடவை பெருகி மலைச்சரிவே பழுப்பாகுற அளவுக்கு தின்னுடும். அப்படி மொட்டையான மரம் அடுத்த வருஷம் விடுற ஊசி குட்டையா இருக்கும், நார் கூடியிருக்கும், நைட்ரஜன் குறைஞ்சிருக்கும். புழுவுக்கு அது சத்தில்லாத சக்கை, நிறைய செத்துப் போகும். ஊசி பழைய தரத்துக்கு வர நாலஞ்சு வருஷம் கூட ஆகும். மரம் வேணும்னே பண்ணுதா, சேமிப்பு தீந்து போனதால அப்படி ஆகுதான்னு கேட்டா, எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது, ஆனா புழுவுக்கு ரெண்டும் ஒன்னுதான். மர வளையத்தை வச்சு 1200 வருஷத்துக்கு இந்தச் சுழற்சியை பின்னாடி போய் எண்ணியிருக்காங்க, 1980களுக்குப் பிறகு தடுமாறிப் போச்சு, வெப்பம் கூடினதுதான் காரணம்னு சொல்றாங்க.

கொழுந்து_பார்வை எழுதியது:

இலைநரம்பு அக்கா லார்ச்சை எடுத்தது நல்லதாச்சு, ஏன்னா எதிர்ப்பக்கம் பிரிசில்கோன் பைன் இருக்கு, அதோட ஊசி 40 வருஷம் வரைக்கும் கிளையிலயே இருக்கும். 40 வருஷம் வச்சிருக்கப் போற ஊசின்னா அதை கெட்டியா கட்டுறது லாபம், அஞ்சு மாசத்துல கொட்டப் போற லார்ச் ஊசிக்கு அவ்ளோ செலவு பண்ணா கட்டாது. தொட்டுப் பாத்தாலே தெரியும், லார்ச் ஊசி பஞ்சு மாதிரி இருக்கும்.

ரெசின் இல்லாத ஊசியிலையும் உண்டுன்னு சொல்லிடறேன், யூ மரத்துல ரெசின் குழாயே கிடையாது. அது டாக்சின்னு ஆல்கலாய்டை நம்பியிருக்கு, குதிரை மாட்டையே கொல்ற விஷம். அதுமட்டுமில்ல, யூ, போடோகார்பஸ் மாதிரி மரங்கள்ல பூச்சி தோல் உரிக்குறதுக்கு பயன்படுத்துற ஹார்மோன் மாதிரியே இருக்குற பொருள் இருக்கு. 1966-ல கோஜி நகானிஷி ஒரு போடோகார்பஸ்ல இருந்து பொனாஸ்டெரோன்னு பிரிச்செடுத்தாரு. புழு எப்ப தோல் உரிக்கணும்ங்கற கணக்கையே குழப்பிவிடுற மாதிரி ஒரு பொருள், மரத்துக்குள்ள.

இதே வகையில பால்சம் ஃபிர் கதையை சொல்லாம விட மனசு வரல, ஊசி சம்பந்தப்பட்டது இல்ல, கட்டையில இருக்குறது, இருந்தாலும் சொல்றேன். காரல் ஸ்லாமாங்கற பூச்சி ஆராய்ச்சியாளர் 1960கள்ல ஐரோப்பாவுல இருந்து ஒரு சிவப்பு நாவாய்ப்பூச்சி வகையை அமெரிக்காவுக்குக் கொண்டு போய் கரோல் வில்லியம்ஸ் லேப்ல வளத்தாரு. அங்க ஒன்னு கூட முழுப்பூச்சியா ஆகல, குஞ்சாவே இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு தோல் உரிச்சு பெருசாகி செத்துச்சு. சாப்பாடு, தண்ணி எல்லாத்தையும் மாத்திப் பாத்து கடைசியில கண்டுபிடிச்சது, கிண்ணத்துல விரிச்சிருந்த பேப்பர் டவல். அமெரிக்க பேப்பர்னா இப்படி ஆகுது, ஐரோப்பிய பேப்பர்னா ஆகல. அமெரிக்க பேப்பர் பால்சம் ஃபிர் கூழ்ல செஞ்சது, அந்த மரத்துல பூச்சியோட இளமை ஹார்மோனைப் போலவே வேலை செய்யுற ஜுவாபியோன்னு ஒரு பொருள். மரம் வெட்டி, கூழாக்கி, காகிதமாக்கின பிறகும் அது வேலை செஞ்சிருக்கு.

மரநிழல் எழுதியது:

இன்னைக்கு காலைல போய் நீங்க சொன்ன எல்லாத்தையும் பாத்துட்டு வந்தேன். போலிக் கால் எண்ணினேன், எட்டு ஜோடி, சாஃப்ளையேதான். வாளி பிடிச்சு தட்டினேன், ஒரு பத்து பன்னெண்டை மட்டும் ஒரு கிளையில விட்டு வச்சிருக்கேன், புதுத் தளிர் பக்கம் எப்பவாவது போகுதான்னு பாக்கணும்.

பைன் தளிர்ல ஒரு கொத்தை உருவினேன். உறையை உரிச்சதும் அடியில ஒரு அரை சென்டிமீட்டர் வெள்ளை வெளேர்னு, ஈரமா, பல்லால கடிச்சா வெண்ணெய் மாதிரி இறங்குது, அடுத்த நொடியே நாக்குல கசப்பு ஏறி ரொம்ப நேரம் போகல. நுனி அதுக்குள்ள குத்துது. பழைய கிளையில வைக்கோல் மாதிரி சுருண்ட நரம்பும் இருந்துச்சு, இத்தனை நாள் அதை வெயில்ல காஞ்சதுன்னு நினைச்சிருந்தேன். புழு தொடாத ஒரு பழைய ஊசியில ஓரமா வரிசையா ஏழு மஞ்சள் தழும்பு இருக்கு, ஏழுல ரெண்டு மட்டும் வெடிக்காம அப்படியே கருத்துப் போய் நிக்குது. இலைநரம்பு அக்கா, அந்த ரெண்டும் நீங்க சொன்ன குட்டிக் குளவி புகுந்ததா, இல்ல வெறுமனே கெட்டுப் போன முட்டையா? ஊசியை அப்படியே ஒரு கண்ணாடிக் குப்பிக்குள்ள போட்டு வாயில துணி கட்டி வச்சிருக்கேன்.

இலைநரம்பு எழுதியது:

குப்பியை வெயில்ல வைக்காதீங்க, துணியை லேசா நனைச்சு வைங்க. குளவின்னா முட்டையோட மேல்தோல்ல குண்டூசி குத்தின மாதிரி ஒரு உருண்டை ஓட்டை போட்டுட்டு வெளிய வரும், சாஃப்ளை புழு வந்ததுன்னா நீளமா கிழிஞ்சிருக்கும். லென்ஸ் வச்சு தினம் பாருங்க, எது வந்தாலும் இங்க எழுதுங்க.